140 கோப்புகள் இருந்தும் ‘நோட்ஸ் எங்கே மேடம்?’ என்கிறார்கள்

டெல்டா மாவட்டம் ஒன்றில், கலை அறிவியல் கல்லூரியின் சுயநிதிப் பிரிவில் வணிகவியல் கற்பிக்கும் உதவிப் பேராசிரியர் ஒருவர், தம் பெயரையும் கல்லூரியின் பெயரையும் வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளோடு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். முதலாண்டு பி.காம். மாணவர்களுக்கான நிதிக் கணக்கியல் பாடத்தை மூன்று ஆண்டுகளாக அவர், பாடங்களை இணையவழி நடத்த உதவும் மென்பொருளான மூடிலில் அமைந்த கல்லூரித் தளத்தில் நடத்தி வருகிறார். பாடத்திட்டத்தின் ஐந்து அலகுகளுக்கும் ஐந்து பகுதிகள் அமைத்து, கிடைத்ததையெல்லாம் அந்தந்தப் பகுதியில் ஏற்றியதில் இப்போது 140 உருப்படிகள் சேர்ந்துவிட்டன. ஸ்கேன் செய்த பாடநூல் பக்கங்கள், பழைய வினாத்தாள்கள், 50 நிமிட ஜூம் வகுப்புப் பதிவுகள், பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த தமிழ்க் குறிப்புகள் எல்லாம் அதில் உண்டு. இருந்தும் மாணவர்கள் வாட்ஸ்அப்பில் ‘நோட்ஸ் எங்கே மேடம்?’ என்று கேட்கிறார்கள். இவர்களுக்குப் படிக்கும் ஆர்வமே இல்லையோ என்ற சோர்வு அவருக்கு வந்திருக்கிறது.

அவர் மனத்தில் மூன்று வழிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது, கூகுள் கிளாஸ்ரூமுக்கு மாறிவிடுவது, அல்லது ஒரு அலகை முடித்தால்தான் அடுத்தது திறக்கும்படி பூட்டு போடுவது. துறைத்தலைவரோ அலகு வரிசையை மாற்றக்கூடாது என்கிறார்; உள்தர உறுதிக் குழு எல்லா ஆவணங்களும் பாடப்பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்கிறது. இவற்றோடு இரண்டு அச்சங்கள்: ஸ்கேன் செய்த பக்கங்களால் பதிப்புரிமைச் சிக்கல் வருமா? நாளை வேலையை விட்டால் தாம் உழைத்து எடுத்த காணொலிகள் யாருக்குச் சொந்தம்?

அன்புள்ள பேராசிரியருக்கு,

உங்கள் மாணவர்களைப் பற்றி நீங்கள் வந்திருக்கும் முடிவை முதலில் சற்று ஒதுக்கிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ‘நோட்ஸ் எங்கே?’ என்று கேட்கிற மாணவருக்கு நோட்ஸ் தேவைப்படுகிறது. தேடிப் பார்த்துக் கிடைக்காமல்தான் அவர் உங்களிடம் வருகிறார். நீங்கள் அனுப்பிய திரைப்பிடிப்பில் மூன்றாம் அலகின் கீழ் மட்டும் 31 உருப்படிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்பதின் பெயர் ‘யூனிட் 3’ என்று தொடங்குகிறது. இரண்டின் பெயர் ‘நியூ டாக்’ என்றும் ஒரு தேதியுமாக, ஸ்கேன் செயலி தானே வைத்த பெயராகவே இருக்கிறது. அலைபேசித் திரையில் நீண்ட பெயர்களின் பின்பாதி கண்ணில் படாது என்பதால் அந்த ஒன்பதும் மாணவருக்கு ஒன்று போலவே தெரியும். எதைத் திறப்பது என்று தெரியாமல் இரண்டு மூன்றைத் திறந்து பார்த்துவிட்டு, டேட்டாவும் பொறுமையும் தீர்ந்த பிறகு, விரைவாகப் பதில் கிடைக்கும் இடமான உங்கள் வாட்ஸ்அப்புக்கு வருகிறார்கள்.

பரணில் ஏற்றி வைத்த பொருள்கள் வைத்தவருக்கு மட்டுமே தெரிவது போல, உங்கள் பாடப்பக்கம் உங்கள் நினைவின் வரிசையில் அமைந்திருக்கிறது. எந்தக் கோப்பு எங்கிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும், ஏனென்றால் ஏற்றியவர் நீங்கள். மாணவர் பக்கத்தைத் திறக்கும்போது அவர் மனத்தில் இருப்பது ஒரே கேள்வி: இந்த வாரம் நான் என்ன செய்ய வேண்டும்? அந்தக் கேள்விக்கு முதல் திரையிலேயே விடை கிடைக்கும்படி பாடப்பக்கத்தை அடுக்க வேண்டும் என்பதே என் ஆலோசனையின் சாரம். பூட்டு, தளமாற்றம், அழிப்பு எல்லாம் அதற்குப் பிறகு வருபவை. சில, தேவையே இல்லாதவை.

எதையும் அழிக்காதீர்கள்

பருவத்தின் நடுவில் இருக்கும் ஒரு பாடத்தில் ‘டெலிட்’ பொத்தானைத் தொடுவது ஆபத்தானது. ஒரு வினாடி வினாவை நீக்கினால் அதை எழுதிய மாணவர்களின் விடைகளும் மதிப்பெண்களும் சேர்ந்தே போய்விடும். மூடிலில் மறுசுழற்சித் தொட்டி உண்டு என்றாலும், நிர்வாகி மாற்றாதவரை அதில் ஏழு நாள்தான் இருக்கும். பழைய ஆண்டுகளின் அகமதிப்பீட்டுச் சான்றுகள் உங்கள் பாடப்பக்கத்தில் இருக்கின்றன என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். அவற்றை இழந்தால் பின்னாளில் ஒரு மாணவர் மதிப்பெண் குறித்து முறையிடும்போது உங்களிடம் காட்ட ஒன்றும் இருக்காது.

இப்போதைய பாடத்தை அப்படியே காப்பகமாக விட்டுவிட்டு, அடுத்த பருவத்துக்கு நிர்வாகியிடம் வெற்றுப் பாடம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அதில் ‘இம்போர்ட்’ வசதியைப் பயன்படுத்திப் பழைய பாடத்திலிருந்து உங்களுக்கு வேண்டிய உருப்படிகளை மட்டும் குறியிட்டுக் கொண்டு வரலாம். மாணவர்களின் விடைகளும் மதிப்பெண்களும் இந்த வழியில் வராது என்பதால் புதிய பாடம் சுத்தமாகத் தொடங்கும். ஒரு எச்சரிக்கை: கொண்டு வந்த உருப்படிகளின் இணைய முகவரி மாறிவிடும். வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் முன்பு பகிர்ந்த சுட்டிகள் பழைய பாடத்துக்கே போகும். எனவே புதிய குழுவில் பழைய செய்தியை முன்னனுப்ப வேண்டாம்.

கூகுள் கிளாஸ்ரூம் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அங்கும் தலைப்புகளின் கீழ் உருப்படிகளைத்தான் அடுக்க வேண்டும். இந்த 140ஐயும் அங்கே கொண்டுபோனால் அங்கும் இதே கேள்வி வரும். தளத்தை மாற்றுவதற்குச் செலவிடும் உழைப்பை அடுக்கை மாற்றுவதற்குச் செலவிடுங்கள்.

அலகா, வாரமா?

துறைத்தலைவரின் கவலை நியாயமானது. தேர்வு வினாத்தாள் அலகு வாரியாக அமைகிறது. மாணவர்களும் அலகு எண்ணைச் சொல்லித்தான் பேசுகிறார்கள். ஆனால் அலகு என்பது தேர்வுக்கான அளவு. மூன்று வாரம் நடத்தக்கூடிய ஒரு அலகை ஒரே பகுதியாக வைத்தால், இன்றைய வேலை அதில் எது என்று மாணவருக்குப் புரியாது. இரண்டையும் இணைக்க எளிய வழி உண்டு: பகுதிகளை வாரக் கணக்கில் பிரித்து, ஒவ்வொன்றின் தலைப்பிலும் அலகு எண்ணைச் சேருங்கள். ‘வாரம் 7 – தேய்மானம்: குறைந்து செல் மதிப்பு முறை (அலகு 3)’ என்று எழுதினால் மாணவருக்கு வாரம் தெரிகிறது, துறைத்தலைவருக்கு அலகு தெரிகிறது. 15 வாரத்துக்கு 15 பகுதிகள். நீங்கள் பயன்படுத்தும் 4.1 பதிப்பில் இடப்பக்கம் திறக்கும் பாட அட்டவணையில் இந்தத் தலைப்புகள் அப்படியே வரிசையாக வந்துவிடும். பகுதிக்குள் துணைப்பகுதி வைக்கும் வசதி 2024 அக்டோபரில் வந்த 4.5 பதிப்பில்தான் சேர்ந்தது; அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

இதைச் செய்யும்போது மூடிலின் வார வடிவத்தைத் தேர்ந்தெடுக்காமல் தலைப்பு வடிவத்தையே தேர்ந்தெடுங்கள். வார வடிவம், பாடம் தொடங்கும் தேதியிலிருந்து ஏழு ஏழு நாளாகத் தானே எண்ணிக்கொண்டு போகும். வடகிழக்குப் பருவமழையில் உங்கள் மாவட்டத்தில் நான்கு நாள் விடுமுறை அறிவித்தால் அதற்குத் தெரியாது. நீங்கள் ஏழாம் வாரப் பாடத்தை நடத்திக்கொண்டிருக்கும்போது தளம் எட்டாம் வாரத்தைக் காட்டும். தலைப்பு வடிவத்தில் வார எண்ணை நீங்களே எழுதி, நடப்பு வாரத்தை மின்விளக்குக் குறியால் முன்னிறுத்திக் கொள்ளலாம்.

ஒரு வாரத்துக்குள் என்ன இருக்க வேண்டும்? ஏழாம் வாரத்தையே எடுத்துக்கொள்வோம். மேலே நான்கைந்து வரியில் ஒரு முன்னுரை: இந்த வாரம் முடிந்ததும் மாணவர் எந்தக் கணக்கைத் தாமே போட முடிய வேண்டும், எதை எந்த நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும் என்பது மட்டும். அடுத்து, ஒரே ஒரு கணக்கைப் போட்டுக் காட்டும் குறுங்காணொலி. 1,00,000 ரூபாய் இயந்திரத்துக்கு 10 விழுக்காடு என்று எடுத்துக்கொண்டால் நேர்க்கோட்டு முறையில் ஆண்டுதோறும் 10,000 ரூபாய் தேய்மானம்; குறைந்து செல் மதிப்பு முறையில் முதலாண்டு 10,000, இரண்டாமாண்டு 9,000, மூன்றாமாண்டு 8,100. இரண்டாமாண்டில் 10 விழுக்காட்டை எந்தத் தொகையின் மேல் கணக்கிடுவது என்பதில்தான் மாணவர்கள் தடுமாறுகிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு தடுமாற்றத்தைத் தீர்ப்பதுதான் அந்தக் காணொலியின் வேலை. பிறகு அதே கணக்கு எழுத்து வடிவில் ஒரு பக்கமாக, அதன்பின் ஐந்து வினாக்கள் கொண்ட வினாடி வினா, கடைசியில் ஒப்படைப்பு. ஐந்தாறு உருப்படிகள் போதும். மீதமுள்ள கூடுதல் பயிற்சிக் கணக்குகளையும் பழைய வினாத்தாள்களையும் ‘மேலும் பயிற்சிக்கு’ என்ற ஒரே கோப்புறையில் போட்டுப் பகுதியின் அடியில் வைத்துவிடுங்கள்.

உங்கள் 50 நிமிடப் பதிவுகளைத் துண்டாக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எடெக்ஸ் என்ற இணையப் படிப்புத் தளத்தில் 69 லட்சம் காணொலிப் பார்வைகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வு ஒன்று, காணொலி எவ்வளவு நீளமானாலும் மாணவர்கள் தொடர்ந்து பார்க்கும் நேரத்தின் இடைநிலை அளவு ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை என்று கண்டது. அவர்கள் தாமாக விரும்பிச் சேர்ந்த இணையப் படிப்பு மாணவர்கள்; தேர்வுக்கு முந்தைய இரவில் முழு வகுப்பையும் போட்டுப் பார்க்கும் உங்கள் மாணவர்களுக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்தக் கூடாது. அதனால் கடிகாரத்தைப் பார்த்து வெட்டாமல், ஒரு கணக்குக்கு ஒரு காணொலி என்று வெட்டுங்கள். சில நான்கு நிமிடம் வரும், சில பதினொன்று வரும், அதில் தவறில்லை.

வெட்டும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தப் பதிவுகளில் மாணவர்களின் முகமும் குரலும் பெயரும் இருக்கின்றன. முதலாண்டு மாணவர்களில் பலருக்குப் பதினெட்டு வயது நிறைந்திருக்காது. படிப்படியாக நடைமுறைக்கு வந்துகொண்டிருக்கும் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயதுக்குட்பட்டோரைக் குழந்தைகளாகக் கருதி, அவர்களது தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, தவறாக விடை சொன்ன ஒரு பெண்ணின் குரலை அடுத்த ஆண்டு மாணவர்கள் கேட்க நேர்வது அவளுக்கு நியாயமில்லை. உங்கள் குரலும் கரும்பலகையும் மட்டும் இருக்கும் பகுதிகளையே மறுபயன்பாட்டுக்கு எடுங்கள்.

வினாடி வினாவைப் பற்றிக் கடிதத்தில் அதிகம் இல்லை. ஆனால் அடுக்கில் அதன் இடம் முக்கியமானது. ரோடிகர், கார்ப்பிக்கே என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடத்துக்குப் பின் வைத்த தேர்வில் நன்றாகச் செய்தார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். எனவே வினாவங்கியில் வாரத்துக்கு ஒரு வகை உருவாக்கி, எட்டாம் வார வினாடி வினாவில் மூன்று வினாக்கள் அந்த வாரத்திலிருந்தும் இரண்டு வினாக்கள் முந்தைய வாரங்களிலிருந்தும் எழுமாற்றாக வரும்படி அமையுங்கள். குறிப்பேட்டையும் பேரேட்டையும் நவம்பரில் மறந்துவிட்டார்கள் என்ற உங்கள் வருத்தத்துக்கு இது நேரடியான மருந்து. இந்தப் பயிற்சி வினாக்களின் மதிப்பெண் 25 மதிப்பெண் அகமதிப்பீட்டோடு கலந்துவிடாதபடி மதிப்பெண் ஏட்டில் தனிப் பிரிவாக வைத்து, மொத்தத்தில் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். தவறு செய்தால் மதிப்பெண் போகும் என்ற பயம் இருந்தால் அவர்கள் நண்பரின் விடையைப் பார்த்துத்தான் எழுதுவார்கள்.

பெயர்களில் கருமியாக இருக்காதீர்கள்

உருப்படியின் பெயர் அதைத் திறக்காமலேயே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். வேறுபடுத்தும் சொல் முதலில் வரட்டும்: ‘குறைந்து செல் மதிப்பு முறை – கணக்கு 3, விடையுடன்’. அலகு எண் பகுதித் தலைப்பிலேயே இருப்பதால் பெயரில் மறுபடி வேண்டாம். ‘ஃபைனல்’, ‘நியூ’, ‘அப்டேட்டட்’ போன்ற சொற்களைத் தளத்திலிருந்தே விலக்குங்கள். கோப்பைத் திருத்தினால் புதிதாக ஒன்றை ஏற்றாமல், பழைய உருப்படியின் அமைப்புக்குள் சென்று கோப்பை மட்டும் மாற்றுங்கள். அப்போது சுட்டி மாறாது, மாணவர் கையில் இரண்டு பதிப்புகளும் புழங்காது.

பாமினிக் குறிப்புகள் இந்த அடுக்கில் பெரும் இடையூறு. அவை அச்சில் தமிழாகத் தெரிந்தாலும் கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகளே. மாணவர் ‘தேய்மானம்’ என்று தேடினால் அந்தக் கோப்பில் ஒரு வரியும் சிக்காது. மூடில் பக்கத்தில் ஒட்டினால் புரியாத எழுத்துக் குவியலாக விழும். தமிழைத் தமிழாகவே சேமிக்கும் ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றித் தரும் இலவச மாற்றிகள் பல இருக்கின்றன. மாற்றிய பின் கொம்பும் காலும் இடம் மாறியிருக்கின்றனவா என்று ஒருமுறை மெய்ப்புப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம், அந்தந்த வாரப் பாடத்தை அமைக்கும்போது அந்த வாரக் குறிப்பை மாற்றினால் போதும்.

ஒரு வரியில் கடந்து போன மாணவர்

உங்கள் கடிதத்தின் நடுவில், வகுப்பில் பார்வைக் குறைபாடுள்ள மாணவர் ஒருவர் இருப்பதாகவும் நண்பர்கள் வாசித்துக் காட்டிச் சமாளித்துக்கொள்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இதைச் சமாளிப்பாக விட்டுவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, கல்வியில் அவருக்குரிய ஏற்பாடுகளை உரிமையாகவே தருகிறது. ஸ்கேன் செய்த பக்கம், திரையில் உள்ள எழுத்தை உரக்க வாசித்துக் காட்டும் மென்பொருளான அவருடைய திரைவாசிப்பானுக்கு வெறும் படம். அதில் ஒரு சொல்லும் கேட்காது. பாமினிக் கோப்போ அர்த்தமற்ற ஆங்கில எழுத்துகளாகக் கேட்கும். ஒருங்குறித் தமிழில் தட்டச்சு செய்த மூடில் பக்கத்தை என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் தமிழிலேயே வாசித்துவிடும்.

கணக்கியலுக்கு மட்டும் உரிய ஒரு சிக்கலும் உண்டு. பேரேட்டுக் கணக்கை இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு என்று ஒரே அட்டவணையாகப் போட்டால், திரைவாசிப்பான் வரிசை வரிசையாக வாசிக்கும்போது ஒரு பற்றுப் பதிவும் தொடர்பில்லாத ஒரு வரவுப் பதிவும் ஒரே மூச்சில் காதில் விழும். பற்றுப் பகுதியைத் தனி அட்டவணையாகவும் அதன் கீழே வரவுப் பகுதியைத் தனி அட்டவணையாகவும் தந்து, ஒவ்வொன்றின் தலைவரிசையையும் தலைவரிசை என்றே குறித்துவிட்டால் அவர் தாமாகவே கணக்கைத் தொடர்ந்துபோக முடியும். அலைபேசியின் குறுகிய திரையில் பார்க்கும் மற்ற மாணவர்களுக்கும் இந்த அமைப்பே வசதி.

பூட்டு போடுவது பற்றி

ஒரு அலகை முடித்தால்தான் அடுத்தது திறக்கும் என்ற ஏற்பாட்டை மூடிலின் ‘ரெஸ்ட்ரிக்ட் ஆக்சஸ்’ அமைப்பில் எளிதாகச் செய்துவிடலாம். செய்ய வேண்டாம் என்பேன். வகுப்பறையில் நீங்கள் நான்காம் அலகை நடத்திக்கொண்டிருக்கும்போது, காய்ச்சலில் ஒரு வினாடி வினாவைத் தவறவிட்ட மாணவர் தளத்தில் மூன்றாம் அலகிலேயே அடைபட்டுக் கிடப்பார். அவர் உங்களிடம் வந்து முறையிடுவார் என்று நினைப்பீர்கள். கூச்சமுள்ளவர்கள் வரமாட்டார்கள், தளத்தையே விட்டுவிடுவார்கள். மேலும், ‘பார்த்தால் முடித்ததாகும்’ என்ற நிபந்தனை வைத்தால் திறந்து மூடிவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். பதிவேட்டில் எல்லாரும் படித்ததாகத் தெரியும். அதை நம்பி நீங்கள் வகுப்பை நகர்த்துவதுதான் பெரிய இழப்பு.

பூட்டு பொருந்தும் இடங்களும் உண்டு. ஒப்படைப்பின் விடைக்குறிப்பு, மாணவர் ஒப்படைத்த பிறகுதான் திறக்க வேண்டும். மாதிரித் தேர்வு குறித்த நாளில்தான் திறக்க வேண்டும். இந்த இரண்டிலும் நிபந்தனைக்குப் பக்கத்தில் உள்ள கண் குறியைத் திறந்தே வையுங்கள். அப்போது உருப்படி மங்கலாகவும், எப்போது திறக்கும் என்ற குறிப்போடும் தெரியும். கண்ணை மூடிவிட்டால் உருப்படியே மறைந்துபோய், ‘விடை எங்கே மேடம்?’ என்று மறுபடி வாட்ஸ்அப் ஒலிக்கும்.

உள்தர உறுதிக் குழு கேட்கும் பாடத்திட்டம், கற்றல் வெளிப்பாட்டு அறிக்கை, வருகைப் பதிவுகள் ஆகியவற்றைக் கடைசியில் ஒரு பகுதியாகத் தொகுத்து, மாணவர்களுக்குத் தெரியாதபடி மறைத்துவிடுங்கள். ஆசிரியர் உரிமை உள்ளவர்கள் அதைப் பார்க்க முடியும். பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்ற அவர்களுடைய நிபந்தனையும் நிறைவேறிவிடும்.

புத்தகப் பக்கங்களும் பதிப்புரிமையும்

கற்பித்தலுக்காக எதை வேண்டுமானாலும் ஏற்றலாம் என்றும், ஒரு பக்கம் ஏற்றினாலும் குற்றம் என்றும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இரண்டும் மிகை. பதிப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 52(1)(i), பயிற்றுவிக்கும் போக்கில் ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பை மறுஉருவாக்கம் செய்வதை மீறலாகக் கருதுவதில்லை. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்து நகலகம் ஒன்றின் மீது ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில், 2016 செப்டம்பரிலும் டிசம்பரிலும் வந்த டெல்லி உயர்நீதிமன்றத் தீர்ப்புகள் இந்த விலக்குக்கு விரிவான பொருள் தந்தன. வகுப்பறை விரிவுரை நேரத்தோடு பயிற்றுவித்தல் முடிந்துவிடுவதில்லை என்றும், பயிற்றுவிக்கும் நோக்கத்துக்குத் தேவையான அளவே உரைகல் என்றும் நீதிமன்றம் கூறியது.

ஆனால் அந்த வழக்கு ஒளிநகல் தொகுப்புகளைப் பற்றியது. இணையத்தளத்தில் ஏற்றுவதற்கு அதை அப்படியே நீட்டிப்பதில் எச்சரிக்கை தேவை. உங்கள் நிலையில் நான் கடைப்பிடிக்கச் சொல்வது: அந்த வாரத்துக்குத் தேவையான பக்கங்கள் மட்டும், பாடத்தில் சேர்ந்த மாணவர்களுக்கு மட்டும், நூலின் பெயரும் ஆசிரியர் பெயரும் பதிப்பகமும் குறித்து. விருந்தினர் நுழைவு திறந்திருந்தால் உடனே மூடிவிடுங்கள். முழு நூலையும் ஸ்கேன் செய்து ஏற்றியிருக்கும் அந்த இரண்டு கோப்புகளைப் புதிய பாடத்துக்குக் கொண்டு வராதீர்கள்; பழைய பாடத்திலும் மறைத்துவிடுங்கள். பார்வைக் குறைபாடுள்ள உங்கள் மாணவருக்காக ஒரு நூலை வாசிக்கத்தக்க வடிவில் மாற்றித் தருவது வேறு கணக்கு. 2012 திருத்தத்தில் சேர்ந்த பிரிவு 52(1)(zb) அதற்கென்றே தனி விலக்குத் தருகிறது. அவருக்கு மட்டும் தனியாகத் தாருங்கள்.

உங்கள் காணொலிகள் யாருக்குச் சொந்தம்?

இதில் உங்களுக்கு முழு ஆறுதல் தர இயலவில்லை. அதே சட்டத்தின் பிரிவு 17(c)இன்படி, பணி ஒப்பந்தத்தின் கீழ் பணியின் போக்கில் உருவாக்கப்படும் படைப்புக்கு, மாறான உடன்பாடு ஏதும் இல்லாதபோது, பணியமர்த்தியவரே முதல் உரிமையாளர். நீங்கள் விடுமுறையில் உங்கள் சொந்தக் கணினியில் எடுத்தீர்கள் என்பது மட்டுமே இதை மாற்றிவிடாது. எந்த வேலைக்காக உங்களை நியமித்தார்கள், அதில் காணொலி தயாரிப்பதும் அடங்குமா என்பதே கேள்வியாக வரும். ஆசிரியர்களின் பாடக்குறிப்புகள் குறித்து இதில் வாதத்துக்கு இடமுண்டு என்றாலும், அந்த வாதத்தை நீதிமன்றத்தில் நடத்தும் நிலைக்கு நீங்கள் போக வேண்டியதில்லை.

உங்கள் கையில் உறுதியாக இருக்கும் உரிமை ஒன்று உண்டு. உரிமை யாருக்குப் போனாலும், படைப்பு உங்களுடையது என்று கோரும் உரிமையைப் பிரிவு 57 உங்களிடமே விட்டுவைக்கிறது. உங்கள் பெயரை நீக்கிவிட்டு வேறொருவர் பெயரில் அந்தப் பாடத்தை வெளியிடக் கூடாது. எனவே ஒவ்வொரு காணொலியின் தொடக்கத்திலும், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் உங்கள் பெயரையும் ஆண்டையும் இப்போதே சேர்த்துவிடுங்கள்.

நியமன ஆணையையும், கல்லூரிக்கு அறிவுசார் சொத்துக் கொள்கை இருந்தால் அதன் படியையும் எடுத்துக்கொண்டு, இத்துறையில் பழக்கமுள்ள வழக்கறிஞர் ஒருவரை ஒருமுறை பாருங்கள். இரண்டையும் படிக்காமல் நானோ வேறு யாரோ தரும் பதில் அரைகுறையானது. ஆணையில் இதைப் பற்றி எதுவுமே இல்லையென்றால், பணியிலிருந்து விலகினாலும் உங்கள் பாடப்பொருளைக் கற்பித்தலுக்குப் பயன்படுத்திக்கொள்ளும் உரிமை உங்களுக்கும் கல்லூரிக்கும் சேர்ந்தே இருக்கும் என்று ஒரு கடிதத்தில் முதல்வரிடம் இசைவு கேட்கலாம். விலகும் நேரத்தில் கேட்பதைவிட, புதிய பாடப்பக்கத்தை அமைத்துக் காட்டும் நேரத்தில் கேட்பது எளிது.

எங்கிருந்து தொடங்குவது

பருவ விடுமுறையில் 15 வாரத்தையும் முடித்துவிட வேண்டும் என்று உட்காராதீர்கள். முதல் மூன்று வாரங்களை மட்டும் முழுமையாக அமையுங்கள். மற்றவற்றுக்குத் தலைப்பு மட்டும் எழுதி மறைத்து வைத்து, வகுப்பு நகர நகர இரண்டு வாரம் முன்னால் இருக்கும்படி நிரப்பிக்கொண்டு போங்கள். வாட்ஸ்அப் குழுவைக் கலைக்க வேண்டியதில்லை. திங்கட்கிழமைதோறும் அந்த வாரப் பகுதியின் சுட்டியை மட்டும் அதில் அனுப்புங்கள்; கோப்பை ஒருபோதும் அனுப்பாதீர்கள். கோப்பு அங்கேயே கிடைக்குமானால் தளத்துக்கு வர யாருக்கும் காரணமில்லை.

பாடம் திறப்பதற்கு முன் ‘மாணவராகப் பார்’ என்ற வசதியில் நீங்களே ஒருமுறை பாருங்கள். ஆனால் அது போதாது, ஏனென்றால் எது எங்கே என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். இப்போது இரண்டாமாண்டில் இருக்கும் மாணவி ஒருவரை அழைத்து, அவருடைய அலைபேசியிலேயே தளத்தைத் திறக்கச் சொல்லி, ‘மூன்றாம் வாரத்து ஒப்படைப்பு எங்கே இருக்கிறதென்று காட்டும்மா’ என்று கேளுங்கள். நடுவில் உதவி செய்யாதீர்கள். அவர் விரல் எந்த இடத்தில் தயங்கி நிற்கிறது, எதைத் தவறாகத் திறக்கிறார் என்று குறித்துக்கொண்டு, அந்த உருப்படிகளின் பெயரை அன்றே மாற்றுங்கள். வாய்ப்பிருந்தால் அந்தப் பார்வைக் குறைபாடுள்ள மாணவரிடமும் இதே வேலையைக் கொடுத்து, திரைவாசிப்பானோடு அவர் எப்படிப் போகிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். முதல் மூன்று வாரங்களில் திருத்த வேண்டியவை அவரிடமிருந்துதான் அதிகம் தெரியவரும்.